கோடையில் எடுத்த படம்

கோப்லியில், பழைய கயிற்றுத் தொழிற்சாலையின் மாடியில்
மாதத்தின் இரண்டாம் வியாழன்
பதினோரு பேர் கூடுவோம்.
புரொஜெக்டர் வாடகை என் பொறுப்பு,
சாவியும் என்னிடம்தான்.
இன்று ஓடியது அறுபத்தெட்டில் வந்த உளவுப் படம்.
கீறல் நீக்கி, கறை துடைத்து,
நிறமெல்லாம் பளிச்சென்று மீட்ட புதிய பிரதி.

விளக்கு எரிந்ததும் சண்டை.

"காரே ஓடவில்லை" என்றான் தாவெத்.
"பின்னால் மலைதான் ஓடுகிறது.
நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துத்
தயிர் கடைகிறான் பாருங்கள்."

ஹைனோ விடவில்லை.
கப்பல் எஞ்சினிடம் ஒரு விரலை விட்டுவிட்டு வந்தவர்.
"இப்போது கம்ப்யூட்டரில் வரைகிற கார் மட்டும்
எந்த ரோட்டில் ஓடுகிறதாம்?
இவன் கூரையிலிருந்து விழும்போது
யாரோ ஒருவன் நிஜமாகவே விழுந்தான்.
மறுநாள் அவனுக்கு முதுகு வலித்திருக்கும்.
எனக்கு அது போதும்."

"கைக்கடிகாரத்துக்குள் கேமரா. இதற்கா வாயைப் பிளந்தீர்கள்?
என் சட்டைப்பையில் இதைவிட நல்ல உளவாளி இருக்கிறான்.
மாதத் தவணையும் நானே கட்டுகிறேன்."
இது தாவெத்தின் தம்பி.

எதிரியின் நகரம் வந்த இடத்தில் மட்டும்
எல்லோரும் ஒரே கட்சி.
சாம்பல் சுவர், புகை மெஷின்,
தலைகீழாய் எழுத்து மாட்டிய ரொட்டிக் கடை,
முறைத்தபடி ஒரு பூனை.
அது நாங்களாம்.
மைமு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அப்புறம் கேர்து எழுந்தாள். வயதில் எல்லோருக்கும் இளையவள்.
"ஐம்பத்து மூன்றாம் நிமிடம்.
அவளை அறைகிறான்.
அடுத்த காட்சியில் அவளே அவனுக்குக் கதவு திறக்கிறாள்.
பழசாவது வேறு, ஊசிப்போவது வேறு."

"அந்தக் காலத்தில்..." என்று ஹைனோ தொடங்க,
"அந்தக் காலத்திலும் கன்னம் கன்னம்தான்" என்றாள்.

நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ பிளாஸ்கை மூடினார்கள்.

மைமு சொன்னாள்:
"நான் இதை முன்னமே பார்த்திருக்கிறேன்.
எண்பதில், முஸ்தமாகியில், ஒன்பதாவது மாடியில்.
கடலுக்கு அக்கரையிலிருந்து, ஹெல்சிங்கியின் அலைவரிசை.
அப்பா டிவிக்குள் ஏதோ ஒன்றைப் பற்றவைத்திருந்தார்,
அதன் பெயரை வெளியே சொல்லக்கூடாது.
படம் முழுக்கப் பனி கொட்டியது.
நீச்சல் குளத்தில் பனி, கடற்கரை நடனத்தில் பனி.
இவ்வளவு குளிரில் தோள் தெரிய எப்படி ஆடினார்கள் என்று
நாற்பத்தைந்து வருஷமாய் எனக்கு ஆச்சரியம்.
இன்றுதான் தெரிகிறது,
கோடையில் எடுத்த படம்."

சிரித்தோம். அவள் முடிக்கவில்லை.

"அந்த இடத்தில் பனி ரொம்ப அடர்த்தி.
முகம் தெரியாது, கை தெரியாது,
ஒரு சத்தம் மட்டும்.
கதவு என்று நினைத்தேன்.
அவள்தான் அவன் மூஞ்சியில் அறைந்து சாத்திவிட்டுப்
போய்விட்டாள் என்று.
எவ்வளவு அழகான சத்தம்!
எண்பத்தேழில் நானும் ஒரு கதவை
அதே மாதிரி சாத்தினேன்.
ஒரு பை. பையில் பாதி காலி.
படிக்கட்டு முழுக்க அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன்."

ஹைனோ தொப்பியைத் தேடினார்.
தலையில்தான் இருந்தது.

வழக்கப்படி வாக்கெடுப்பு, முட்டை அட்டைப் பெட்டியில் சீட்டு.
தாங்கும், ஐந்து. தாங்காது, ஐந்து.
ஒரு சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.
படிகளில் தாவெத் இன்னும்
ஸ்டியரிங்கைப் பற்றியே பேசிக்கொண்டு போனான்.
வெளியே நவம்பர் மழை. பனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்த மாதம் நீர்மூழ்கிக் கப்பல் படம்.
"அதில் பெண்களே கிடையாது, அப்பாடா"
என்றது ஒரு குரல்.
யார் என்று கேட்காதீர்கள்.
இந்த ஊரில் நான்
யார் என்ன சொன்னார் என்று
எழுதிக் கொடுப்பதில்லை.